பெட்டி செய்யுமுன் ஹோலை அளந்து பாருங்கள்



வீட்டுக்குப் பெரிய திரைத் தொலைக்காட்சி வந்து சில மாதங்கள் கழிந்ததும் அடுத்த பேச்சு ஆரம்பமாகிவிடும். "படம் நல்லாத்தான் இருக்கு, சத்தந்தான் போதாது. ஒரு சப்வூஃபர் வேணும்" என்று மகனோ, தம்பியோ, வீட்டுக்காரரோ சொல்லத் தொடங்குவார்கள். கடையில் ஆயத்தமாக விற்கும் பெட்டியின் விலையைக் கேட்டுவிட்டு வந்த பிறகு, "வூஃபரை மட்டும் வாங்குவோம், பெட்டியை நம்மட ஓடாவியிடம் சொல்லி அடிச்சுக்கொள்ளலாம்" என்று முடிவாகும். இது பிழையான யோசனை அல்ல. வீட்டில் செய்த பெட்டி கடைப் பெட்டியைவிட நன்றாக ஒலிப்பதும் உண்டு.

ஆனால் அந்தப் பேச்சைச் சற்றுக் காதுகொடுத்துக் கேட்டுப் பாருங்கள். வூஃபர் எத்தனை அங்குலம், அம்ப்ளிபயர் எத்தனை வோட்ஸ் என்பதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். ஹோல் எத்தனை அடி என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். பிறகு என்ன நடக்கும்? பெட்டி வந்து சேரும். காலியாக இருக்கும் ஏதாவதொரு மூலையில் அதைத் தள்ளுவார்கள். சாப்பாட்டு மேசையடியில் இடி முழங்கும். சோபாவில் உட்கார்ந்தவருக்கோ ஒன்றுமே கேட்காது. அவர் சத்தத்தைக் கூட்டுவார். பக்கத்து வீட்டில் படுத்திருக்கும் வயதான உம்மாவின் கட்டில் அதிரும். செலவழித்த காசும் போய், அயல்வீட்டாரின் முகமும் கறுத்துவிடும்.

பெட்டியை யார் அடித்தாலும் நாள் முழுவதும் அதோடு வாழப்போகிறவர் நீங்கள். ஹோலில் எந்தச் சுவரோடு எதை வைக்கலாம், எந்த யன்னல் கடகடக்கும், எந்தக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். சப்வூஃபர் ஒன்றைத் திட்டமிட முதலில் வேண்டிய விபரங்களும் இவைதாம்.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது?

மனிதக் காது 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலிகளைக் கேட்கும் என்பர். ஹேர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு. இதில் அடித்தட்டில் உள்ள, ஏறக்குறைய 20 முதல் 80 வரையிலான ஒலிகளே சப்வூஃபரின் பங்கு. இடி, கடல் அலை, தூரத்தில் வரும் ரயில், யானையின் உறுமல் ஆகியவற்றின் கனம் இங்கேதான் இருக்கிறது. மனிதப் பேச்சுக்கு இதனால் பெரிய பயனில்லை. செய்தி வாசிப்பவரின் குரல் கடாமுடாவென்று கேட்டால் சப்வூஃபர் தன் எல்லையைத் தாண்டி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

1974இல் 'ஏர்த்குவேக்' என்ற ஆங்கிலப் படம் வந்தபோது பூகம்பத்தை உடலால் உணரவைப்பதற்காகத் திரையரங்குகளில் 'சென்சரவுண்ட்' என்ற பெயரில் பென்னம்பெரிய பெட்டிகளை வைத்தார்கள். ஹொலிவூட்டின் புகழ்பெற்ற சைனீஸ் தியேட்டரில் கூரைப் பூச்சு உதிர்ந்து விழாமல் இருக்க வலை கட்ட வேண்டியதாயிற்று! பின்னர் 1992இல் 'பேட்மன் ரிட்டேர்ன்ஸ்' படத்தோடு டொல்பி டிஜிட்டல் முறை வந்தது. '5.1' என்று பெட்டிகளில் அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த '.1' தாழ் ஒலிக்கென்று தனியாக ஒதுக்கிய பாதை. அது 120 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே செல்லும்.

தாழ்ந்த ஒலியை நம் காது எளிதில் வாங்காது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஃபிளெச்சர், மன்சன் இருவரும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். போதாக்குறைக்கு, ஒலி ஒரு மடங்கு தாழும்போது அதே வலிமையில் ஒலிக்க வூஃபர் நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 40 ஹேர்ட்ஸை இலகுவாகத் தரும் சிறிய வூஃபர் 20 ஹேர்ட்ஸில் மூச்சுத் திணறுவது இதனாலேயே. பெரிய வூஃபர் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பாதி வேலையை அறை செய்கிறது என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

பேசின் தண்ணீரும் ஹோலும்

நீண்ட பேசின் ஒன்றில் தண்ணீரை நிரப்பி இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு குசினியிலிருந்து நடந்து பாருங்கள். தண்ணீர் இந்த முனையில் ஏறும், அந்த முனையில் இறங்கும், பிறகு மாறி அசையும். முனைகளில் அட்டகாசம். நடுவில் மட்டும் மட்டம் அவ்வளவாக மாறாது. உங்கள் நடை பேசினின் நீளத்துக்கு ஒத்துப்போனால் தண்ணீர் தளும்பிக் கீழே கொட்டும். ஒத்துப்போகாவிட்டால் அமைதியாக வந்து சேரும்.

மூடிய அறையில் தாழ் ஒலியும் இப்படித்தான் ஆடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 1,140 அடி செல்லும். அப்படியானால் 40 ஹேர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 28 அடிக்கு மேல் நீளமானது. அது உங்கள் ஹோலைவிடப் பெரிது. சுவருக்கும் சுவருக்கும் இடையில் அது ஊஞ்சலாடும். எந்த ஒலி அதிகமாக ஆடும் என்று கண்டுபிடிக்க இலகுவான கணக்கொன்று உண்டு. 570ஐ அறையின் அடிக் கணக்கால் வகுத்துவிடுங்கள்.

உதாரணமாக 15 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஹோலை எடுத்துக்கொள்வோம். நீளத்துக்கு 38 ஹேர்ட்ஸ். அகலத்துக்கு 47 அல்லது 48. உயரத்துக்கு 57. இந்த மூன்று ஒலிகளும் இவற்றின் இரட்டிப்புகளும் அந்த ஹோலில் வேண்டியதைவிட அதிகமாக முழங்கும். மூன்றும் வேறு வேறாக விலகியிருப்பதால் இது பரவாயில்லாத அறை. நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி என்றால் மூன்றும் 57இல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியானாலும் சதுர அறையில் ஒரே ஸ்வரத்தில் உறுமுவதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு விடயம். இத்துறையில் நமக்குக் கிடைக்கும் புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே உட்சுவர்கள் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தவை. தாழ் ஒலிக்கு அவை வளைந்துகொடுத்து ஒரு பகுதியை வெளியே விட்டுவிடும். நம் வீடுகளோ செங்கல்லும் சீமெந்துப் பூச்சும். ஒலி உள்ளேயே நின்று நெடுநேரம் முழங்கும். ஆகவே அவர்கள் சொல்லும் அளவு பெரிய வூஃபர் நமக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. முழக்கத்தை அடக்குவதே நமக்குப் பெரிய வேலை.

கம்பளம் விரித்தால் அடங்குமா, தடித்த திரைச்சீலை போட்டால் சரியாகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. அரை அங்குலக் கம்பளம் 30, 40 அடி நீளமான அலையை என்ன செய்துவிடும்? கைதட்டினால் வரும் எதிரொலியை அவை குறைக்கும், அவ்வளவுதான். முட்டைத் தட்டுகளைச் சுவரில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தூசி சேரும் என்பதைத் தவிர, தாழ் ஒலியில் அதனால் எந்த மாற்றமும் இராது.

சோபா எங்கே?

ஒரு கொப்பித் தாளில் ஹோலை வரையுங்கள். கதவுகள், யன்னல்கள், தொலைக்காட்சி, ஷோகேஸ், சோபா எல்லாவற்றையும் அடிக்கணக்கோடு குறியுங்கள். இப்போது பேசினை நினைவுகூருங்கள். 15 அடி ஹோலில் தொலைக்காட்சிச் சுவரிலிருந்து ஏழரை அடியில், அதாவது சரி நடுவில், சோபா இருந்தால் 38 ஹேர்ட்ஸ் அங்கே காணாமல் போய்விடும். பின்சுவரோடு ஒட்டியிருந்தால் அதே ஒலி தலைக்குள் இடிக்கும். பின்சுவரிலிருந்து ஐந்தடி முன்னே இருந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை. அதுதான் நல்ல இடம்.

"ஐந்தடி முன்னுக்கு இழுத்தால் பிள்ளைகள் எப்படி நடமாடுவது? விருந்தாளி வந்தால் எங்கே இருத்துவது?" என்பது நியாயமான கேள்வி. நம் ஹோல்களில் சோபா சுவரோடுதான் இருக்கும், அதை மாற்றச் சொல்வது எளிதல்ல. அப்படியானால் சுவரோடேயே இருக்கட்டும். நடுவில் மட்டும் வேண்டாம். ஏனென்றால் மிகுந்து முழங்கும் ஒலியை ஈக்குவலைசரால் குறைக்கலாம். காணாமல் போன ஒலியை எத்தனை வோட்ஸ் ஊற்றினாலும் நிரப்ப முடியாது. ஊற்ற ஊற்ற வூஃபர்தான் கருகும்.

அடுத்து, பெட்டிக்கு இடம். இதற்கு அனுபவசாலிகள் கையாளும் வேடிக்கையான முறையொன்று உண்டு. உறவினர் வீட்டிலிருந்து ஏதாவதொரு சப்வூஃபரை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். அதை நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபாவின் மேலேயே தூக்கி வையுங்கள். தாழ் ஒலி நிறைந்த காட்சியொன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, பெட்டி வைக்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலும் குனிந்து, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் காதை வைத்துக் கேளுங்கள். எந்த இடத்தில் ஒலி நிறைவாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்கும். அறையில் ஒலி இங்கிருந்து அங்கே போவதும் அங்கிருந்து இங்கே வருவதும் ஒன்றே என்பதால் இது பலிக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வழக்கமாகத் திறந்திருக்கும் கதவைத் திறந்தபடியே வைத்துச் சோதிக்கவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

கைத்தொலைபேசியில் ஒலி எழுப்பும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கணினி தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு வரைபடமாகவே எடுத்துத் தருவார். அதற்கு ஒரு நல்ல ஒலிவாங்கி வேண்டும்.

மூடிய பெட்டியா, குழாய் வைத்ததா?

இப்போதுதான் பெட்டிக்கு வருகிறோம். இருவகை உண்டு. முற்றாக மூடிய பெட்டி ஒன்று. சிறிய மூடிய பெட்டியிலும் தாழ் ஒலி எடுக்கலாம் என்று 1954இல் எட்கார் வில்ச்சர் என்பவர் செய்து காட்டினார். மற்றையது, ஒரு குழாய் வைத்து உள்ளே உள்ள காற்றையும் சேர்த்து ஒலிக்கவைப்பது. குழாய்ப் பெட்டி குறைந்த மின்சாரத்தில் உரத்து ஒலிக்கும். ஆனால் அளவு பெரிது. 12 அங்குல வூஃபருக்கு மூடிய பெட்டி 50, 60 லீற்றர் போதும் என்றால் குழாய்ப் பெட்டி பெரும்பாலும் 100 லீற்றரைத் தாண்டும். 60 லீற்றர் என்பது ஒரு முக்காலியின் அளவு. 110 லீற்றர் ஒரு சிறிய அலுமாரி.

எதைத் தெரிவுசெய்வது என்பதையும் அறையே சொல்லும். மூடிய பெட்டியின் ஒலி அடியில் மெதுவாகக் குறையும். ஒலி ஒரு மடங்கு தாழ்ந்தால் வலிமை நான்கில் ஒன்றாகும். குழாய்ப் பெட்டியில், குழாய் அமைத்த எல்லைக்குக் கீழே, பதினாறில் ஒன்றாக விழும். அதேவேளை கதவடைத்த சிறிய அறையில், நாம் மேலே கணித்த 38 ஹேர்ட்ஸுக்குக் கீழே, அறையின் காற்று முழுவதும் ஒன்றாக அமுங்கி விரிவதால் ஒலி தானாகக் கூடும். பெட்டி இழப்பதில் ஒரு பகுதியை அறை திருப்பித் தருகிறது! எனவே கதவு மூடக்கூடிய, சீமெந்துச் சுவர்கொண்ட அறையானால் மூடிய பெட்டியே போதும் என்பது என் கருத்து.

ஆனால் ஹோலிலிருந்து சாப்பாட்டறைக்குப் பெரிய வளைவு, அங்கிருந்து குசினி, கதவுகளுக்கு மேலே காற்றுத் துவாரங்கள் என்று வீடு திறந்திருந்தால் இந்த உதவி கிடைக்காது. வூஃபர் நிரப்ப வேண்டியது ஹோலை மட்டுமல்ல, திறந்திருக்கும் அத்தனை இடத்தையும். அங்கே குழாய்ப் பெட்டிக்கோ இரண்டு மூடிய பெட்டிக்கோ நியாயம் உண்டு.

குழாய்ப் பெட்டியை மனம்போனபடி அடிக்க முடியாது. 1961இல் அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், 70களில் ரிச்சர்ட் ஸ்மோல் என்பவரும் வகுத்த கணக்கு அதற்கு உண்டு. வூஃபரோடு வரும் தாளில் எஃப்.எஸ்., க்யூ.ரீ.எஸ்., வி.ஏ.எஸ். என்ற மூன்று எண்கள் இருக்கும். 'வின் ஐ.எஸ்.டி.' என்ற இலவச மென்பொருளில் அவற்றைப் போட்டால் பெட்டியின் அளவு வரும். பொதுவாக க்யூ.ரீ.எஸ். 0.4க்குக் குறைந்த வூஃபர் குழாய்க்கும், அரையை அண்மித்தது மூடிய பெட்டிக்கும் பொருந்தும். அந்தத் தாள் இல்லாமல் விற்கும் வூஃபரை, எவ்வளவு மலிவானாலும், வாங்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பெரிய பெட்டி ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லது என்பதும் கவனிக்கத்தக்கது. 2002இல் ரொட் வெல்ரி என்ற ஆய்வாளர், எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வைத்த இரண்டு பெட்டிகள் அறையின் ஊசலாட்டத்தை வெகுவாக அடக்குவதைக் காட்டினார். பேசினின் இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் அமுக்கினால் தண்ணீர் முன்னும் பின்னும் ஆடாது அல்லவா? 10 அங்குல வூஃபர் இரண்டின் பரப்பு 12 அங்குலம் ஒன்றைவிடக் கூடவே இருக்கும். வூஃபரின் கணக்கு 30 லீற்றர் அளவில் வந்தால், உள்ளளவு ஒவ்வொரு பக்கமும் 31 சென்ரிமீற்றர் கொண்ட பெட்டி. ஒன்றைத் தொலைக்காட்சிக்குக் கீழேயும் மற்றையதைச் சோபாவுக்குப் பின்னாலும் ஒளித்துவிடலாம். ஹோலின் அழகும் கெடாது. ஆனால் அதைப் பக்க மேசையாக்கித் தேத்தண்ணிக் கோப்பையை மட்டும் வைக்காதீர்கள்.

ஓடாவியிடம் சொல்லவேண்டியவை

பலகை 18 மில்லிமீற்றருக்குக் குறையவேண்டாம். எட்டுக்கு நான்கடி எம்.டி.எஃப். பலகை ஒன்றில் மேற்சொன்ன சிறிய பெட்டிகள் இரண்டும் வெட்டி, உள்ளே குறுக்குத்தாங்கி வைக்கவும் மிச்சம் இருக்கும். வெளிப்புற அளவு ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய மூன்றரைச் சென்ரிமீற்றர் கூடும் என்பதை நினைவில் வைத்து, அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் அது புகுமா என்று முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். மூட்டுகளில் காற்று கசியவே கூடாது. பசையைத் தாராளமாகப் பூசச் சொல்லுங்கள்.

எம்.டி.எஃப். தண்ணீருக்கு ஆகாது. நாம் தரையைக் கழுவித் துடைப்பவர்கள். இரண்டு தடவை நனைந்தால் அடி உப்பிப் பாணைப்போல ஊதிவிடும். எனவே பெட்டிக்கு இரண்டங்குல உயரக் கால்கள் வைத்து, வெட்டிய ஓரங்கள் எல்லாவற்றுக்கும் வார்னிஷோ பெயின்ற்றோ இரண்டு மூன்று தடவை பூசவேண்டும். கரையோர ஊர்களில் கப்பல் கட்டப் பயன்படும் மரைன் ப்ளைவூட் இன்னும் மேல், விலைதான் அதிகம். பலகையை வெட்டுவது வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். அதன் தூள் மாவைவிட நுண்மையானது. மரத்தூசி புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களில் ஒன்றென உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இலேயே வகைப்படுத்திவிட்டது.

குழாய்ப் பெட்டியானால் இன்னொன்று. குழாயின் வாய் பல்லிக்கும் கரப்பானுக்கும் திறந்த வாசல். சின்னப் பிள்ளைகளுக்கோ கையில் கிடைத்ததை உள்ளே போட ஓர் உண்டியல். உட்பக்கமாக அகலக் கண்ணுள்ள வலையொன்றைப் பொருத்திவிடச் சொல்லுங்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம்

பெட்டி வந்து இறங்கிய அன்று படம் போடவேண்டாம். கைத்தொலைபேசிச் செயலியை இணைத்து 20 ஹேர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டு போகட்டும். நீங்கள் ஹோலைச் சுற்றி நடவுங்கள். ஷோகேஸ் கண்ணாடி ஓரிடத்தில் கிணுகிணுக்கும். சுவரில் மாட்டிய சட்டம் இன்னோரிடத்தில் தட்டும். யன்னல் கொக்கி, சீலிங் பலகை, மின்விசிறியின் மூடி எல்லாம் தத்தமது ஸ்வரத்தில் பேசும். பிடவைத் துண்டோ, சிறிய ரப்பர் துண்டோ வைத்து ஒவ்வொன்றாக வாயடைக்கலாம். பெட்டி சரியில்லை என்று திட்டுபவர்களில் பலர் உண்மையில் திட்டவேண்டியது ஷோகேஸை.

பிறகு அம்ப்ளிபயரில் எல்லையை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். அதற்கு மேலே போனால் சத்தம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடித்துவிடும்.

அயல்வீட்டு விடயம்தான் கடினமானது. பேச்சொலியைச் சீமெந்துச் சுவர் தடுத்துவிடும். ஒலி தாழத் தாழச் சுவரின் தடுக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் உங்கள் படத்தின் வசனம் ஒன்றுகூடக் கேட்காமல் அதன் இடி மட்டும் அடுத்த வீட்டுக்குப் போகும். அது கதை தெரியாத இடி, ஆகவே எரிச்சல் இரட்டிப்பு. பெட்டிக்குக் கீழே ரப்பர் வைத்தால் தரை வழியாகப் போவது குறையும், காற்று வழியாகப் போவது குறையாது. பொதுச்சுவரோடு பெட்டியை வைக்காமல் இருப்பது ஓரளவு உதவும். அதற்கு மேல், சத்தத்தைக் குறைப்பதொன்றே வழி.

ஒரு பின்னேரம் மகனைப் பெட்டியடியில் நிறுத்திவிட்டு நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போங்கள். அந்த உம்மாவின் கட்டில் கிடக்கும் அறையில் அவரோடு உட்கார்ந்துகொண்டு, தொலைபேசியில் மகனுக்குச் சொல்லி மெதுவாகக் கூட்டச் சொல்லுங்கள். "இதற்கு மேல் வேண்டாம் மகள்" என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்தி, சப்வூஃபரின் திருகியில் ஒரு துளி வெள்ளைப் பெயின்ற் வைத்துவிடச் சொல்லுங்கள். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எங்கே நிற்கவேண்டும் என்பதற்கு அவரிடமே கேட்டு இன்னொரு துளி.